எந்த வீட்டில் சொல்வது

கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வைத்து, வெட்டின இடத்தை இரண்டு கைகளாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் பருத்தித் துணி ‘சர்ர்’ரென்று நூல் பிசகாமல் கிழியும், அந்தச் சத்தத்தோடு புதுத்துணியின் கஞ்சி வாசனை எழும்பி மூக்கில் ஏறும். தியாகராய நகர்க் கடைவீதிக்குப் பின்னால், இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய சந்தில், அப்பா நடத்திய ‘மேட்சிங்’ கடையில் நாளெல்லாம் இந்தச் சத்தம்தான். புடவையும் கையுமாக வருகிற பெண்களுக்கு அதே நிறத்தில் ரவிக்கைத் துணி, உள்பாவாடை, லைனிங் எடுத்துக் கொடுக்கிற கடை. துணிதான் அங்கே பேசும், அப்பா பேசமாட்டார்.

அம்மா அந்தக் கடைக்கு லைனிங் வாங்க வந்தவள். ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்த தையற்காரி, வாய் ஓயாதவள். அப்பாவோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர், கேட்ட கேள்விக்கே பாதிப் பதில்தான் சொல்வார். எதைப் பார்த்து எது மயங்கியதோ, கல்யாணம் நடந்துவிட்டது. கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கும் மேலே அத்தை. மாடியைச் சொல்லவில்லை, அதிகாரத்தைச் சொல்கிறேன். அத்தை அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் என்பதால், அவள் சொல்லுக்கு அப்பா எதிர்ச்சொல் சொன்னதே கிடையாது. “லைனிங் வாங்க வந்தவ வீட்டையே வாங்கிட்டுப் போவப் பாக்கா” என்று அத்தை சொல்லிக்கொண்டேயிருந்தாள், அப்பா துணியைக் கிழித்துக்கொண்டேயிருந்தார். “உங்க அக்காவுக்கு எதிரா இன்னிக்கி வரிக்கும் உங்க வாய்லர்ந்து ஒரு வார்த்தை வந்துகீதா?” என்று அம்மா கேட்டபோதும் அவர் அடுத்த துணியைத்தான் கிழித்தார். எனக்குப் பத்து வயதானபோது அம்மா தையல் மிஷினையும் என்னையும் தன் அண்ணனின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ‘போர்ஷனு’க்குக் குடிவந்துவிட்டாள்.

பிறகென்ன, வழக்குதான். என்னைத் தன்னிடமே விடவேண்டும் என்று அம்மா போட்டாள். தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அப்பா போட்டார். அதாவது அப்பாவின் பெயரில் அத்தை போட்டாள். தீர்ப்பு வரும்வரை வாரநாட்களில் அம்மாவிடம், சனியும் ஞாயிறும் அப்பாவிடம், ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு. சனிக்கிழமை காலையில் கொண்டுவிடுவதும் ஞாயிறு மாலை அழைத்துப்போவதும் ஆட்டோ மாமாவின் வேலை. ஒரு ஞாயிறு அத்தை என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போய் வேண்டுமென்றே தாமதமாகக் கொண்டுவந்தாள். நாங்கள் வருவதற்குள் அம்மா போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கே போய்விட்டாள், மறுநாள் அவள் வக்கீல் அதற்கும் ஒரு மனுப் போட்டுவிட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணி ஆனாலே எல்லோருடைய கண்ணும் கடிகாரத்துக்குப் போய்விடும்.

தி.நகரில் நான் ‘பிள்ள’, ராஜா அண்ணாமலைபுரத்தில் ‘கண்ணு’. ஒரு வீட்டில் ‘இங்கன உக்காரு’, இன்னொரு வீட்டில் ‘இங்க குந்து’. வீடு மாறுகிறபோது நாக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மறந்துபோய் அத்தையிடம் ‘இன்னா’ என்று ஒன்றை விட்டால், “அவ வளப்பு அப்படி” என்று அம்மாவுக்குப் போய் விழும்.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. எனக்குப் பன்னிரண்டு முடிந்ததும், நீதிபதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசப்போகிறார், வருகிற புதன்கிழமை, என்று செய்தி வந்தது. பிள்ளை தன் வாயால் யார் பெயரைச் சொல்கிறதோ அவர்களுக்குத்தான் பிள்ளை என்று இரண்டு வீடுகளும் ஒருமனதாக நம்பின. கல்யாண நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே சங்கதி அதுவாகத்தான் இருக்கும். அம்மாவின் வக்கீல் மயிலாப்பூர் மாமி ஒருத்தர். “ஜட்ஜ் கேக்கறச்சே தலையைக் குனிஞ்சுண்டு நிக்கப்படாது. அம்மாகிட்டதான் இருப்பேன்னு கணீர்னு சொல்லணும், தெரிஞ்சுதா?” என்று எனக்குப் பாடம் நடத்தினார். அத்தை நடத்திய பாடம் இன்னும் சுருக்கம்: “அப்பாதான் வேணும்னு ஒரு சொல்லு சொல்லு பிள்ள, மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்.” யார் பெயரைச் சொல்லப்போகிறேன் என்று பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கூடக் கேட்டார். அம்மாவும் அப்பாவும் மட்டும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலைவாரிக்கொள்ளும்போதும் தட்டில் சாதத்தை அளைந்துகொண்டிருக்கும்போதும் அந்தப் பார்வை என் முதுகில் ஊர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதற்குள் இன்னொன்றும் புகுந்துகொண்டது. என் வகுப்பில் பாதிப் பெண்கள் வயதுக்கு வந்துவிட்டிருந்தார்கள். அடுத்து நான்தான் என்று இரண்டு வீடுகளிலும் காத்திருந்தார்கள். பெண் எந்த வீட்டில் இருக்கும்போது ‘ஆளாகிறாளோ’, அந்த வீட்டிலேயே ஒரு மூலையில் பாய் போட்டு உட்காரவேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சடங்கு கழிகிறவரை வாசல் தாண்டக்கூடாது என்பது வழக்கம். அத்தை புதுப்பாயும் உளுந்தும் நல்லெண்ணெயும் வாங்கித் தயாராக வைத்திருந்தாள். “பிள்ள இங்கன வச்சு ஆளாயிட்டான்னா இங்கனதான் இருப்பா. கோர்ட்டு ஆறு மணிம்பான், ஏழு மணிம்பான், சடங்கு காரியத்துல அவன் என்ன சொல்ல முடியும்? இங்கன இருந்து போற பிள்ள இங்கனதான் வேணும்னு சொல்லும்” என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. மாமா கட்சி வேறு: “அந்த ஆளு வூட்ல நடந்தா நம்மள ஓரமா நிக்க வச்சிடுவாங்கோ. பச்சை ஓலைக் குடிசை கட்றது தாய்மாமன். அது என் தங்கச்சி வூட்லதான்.”

அந்தப் புதனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இலை போடுகிற நேரத்தில், அப்பா வீட்டுக் குளியலறையில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

ரத்தத்தைப் பார்த்து நான் பயப்படவில்லை. வகுப்புப் பெண்கள் எல்லாம் சொல்லியிருந்தார்கள். பயந்தது வேறொன்றுக்கு. கதவைத் திறந்து ‘அத்தை’ என்று ஒரு குரல் கொடுத்தால் இந்த வீடு ஜெயித்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வீடு ஜெயித்துவிடும். புதன்கிழமை நீதிபதி கேட்கப்போகிற கேள்வியை என் உடம்பு ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டது, பதில் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. கடையில் துண்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. இறங்கிப்போய் வெட்டுத்துணிக் கூடையைக் கிளறி அரக்கு நிறமாகப் பார்த்து இரண்டு எடுத்துக்கொண்டேன். மேட்சிங் கடைக்காரர் மகள் அல்லவா.

சாப்பாட்டின்போது அத்தை, “ஏட்டி, அந்த ஊறுகா ஜாடியில கொஞ்சம் எடுத்துட்டு வா” என்றாள். அந்த வீட்டில் ‘அந்த நாட்களில்’ ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பூசணம் பிடித்துவிடும் என்பது எனக்கும் தெரியும். மாட்டேன் என்றால் அப்போதே பிடிபட்டுவிடுவேன். ஜாடியைத் திறந்து எடுத்துவந்து போட்டேன். (அந்த மாங்காய் அடுத்த கோடை வரை பூசணம் பிடிக்காமல் கல்லாக இருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.) அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். “ஏன் ஒரு மாதிரி இருக்க?” என்றாள். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு மூலையில் அடுக்கியிருந்த துணிக்கட்டுகளின்மேல் உட்கார்ந்துகொண்டு, சொல்லிவிடலாம், வேண்டாம், சொல்லிவிடலாம் என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா நினைவு வந்தது. அவள் அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தால் வலி போய்விடும் என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் அப்பாவின் முதுகைப் பார்ப்பேன். சட்டையின் பின்பக்கம் வேர்வையில் ஒட்டியிருக்கும். இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தோன்றும். இப்படியே ஐந்து மணி தாண்டிவிட்டது. கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தபோது, தண்ணீர் குடிக்க எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்தது சந்தனநிறத் துணி என்பதை அப்போதுதான் கவனித்தேன். அப்பாவும் கவனித்தார்.

அந்தத் துணியை எடுத்துக் கறை உள்ளே போகும்படி மடித்து மேஜைக்கடியில் தள்ளினார். கறுப்புத் துணி ஒன்றை இறக்கி, வெட்டு வைத்து, ‘சர்ர்’ரென்று கிழித்து, இடுப்பில் சுற்றிக்கொள்ளச் சொல்லி நீட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாக, “அக்காவுக்குத் தெரியுமா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தால் போதும், நான் அவர் வீட்டில்தான் இருப்பேன் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது, கூப்பிடப்போகிறார் என்றா, கூப்பிடமாட்டார் என்றா என்று எனக்கே விளங்கவில்லை. “மாமா வந்துருவான். இங்கனயே நில்லு” என்றார் அப்பா.

மாமாவுக்கு முன்னால் அத்தை வந்துவிட்டாள். காபி டம்ளரோடு இறங்கி வந்தவள் என் இடுப்பிலிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தாள். அந்த முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. வழக்குக்காக மட்டும் அவள் காத்திருக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைத்தது. “வா பிள்ள, மேல வா” என்று கையைப் பிடித்தாள். அதே நேரம் சந்துமுனையில் மாமாவின் ஆட்டோ ஹாரன் கேட்டது.

“அக்கா, கைய விடு” என்றார் அப்பா.

அத்தை திரும்பிப் பார்த்தாள். தன்னிடம்தான் சொல்கிறாரா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“ஆறு மணிக்கு அனுப்புதேன்னு ஒத்துக்கிட்டிருக்கேன். பிள்ளைக்கு இந்த நேரத்துல அவ அம்மா வேணும். விடு.”

“தண்ணி ஊத்தாத பிள்ளைய வாசல் தாண்ட விடுதியே, நீ ஒரு அப்பனா? இன்னைக்கு விட்டா புதன்கிழமை உனக்குப் பிள்ள கிடையாது, தெரிஞ்சுக்கோ.”

“தெரியும்” என்றார் அப்பா.

அத்தை சந்தே கூடும்படி சத்தம் போட்டாள். அப்பா என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். சத்தத்தைக் கேட்டுச் சண்டைக்குத் தயாராக ஆட்டோவிலிருந்து குதித்து வந்த மாமாவுக்கு, அத்தை திட்டிய திட்டிலேயே விஷயம் விளங்கிவிட்டது. அப்படியே நின்றுவிட்டார். இரண்டு வருஷமாக ‘அந்த ஆளு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், “மச்சான், நெஜமாவா?” என்றார். அப்பா தலையாட்டினார். மாமா தோள்துண்டை எடுத்து ஆட்டோ சீட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “பாத்துக் கூட்டிட்டுப் போ” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா திரும்பிவிட்டார். இந்த மனுஷர் என்னைப் பிடித்து நிறுத்தாமல் அனுப்புகிறாரே, நான் வேண்டாமா இவருக்கு என்றுதான் அன்று நினைத்தேன்.

ஆழ்வார்பேட்டை சிக்னல் வழியாக மாமா ஆட்டோவை மெதுவாக ஓட்டி வந்தார். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். செய்தியைக் கேட்டதும் படியில் உட்கார்ந்துவிட்டாள். “உங்கப்பாக்குத் தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். “தெரிஞ்சா அனுப்புனாரு?” என்றாள். அந்த ராத்திரி முழுக்க உளுந்தங்களி கிண்டும்போதும் எனக்குப் பாய் விரிக்கும்போதும் அதே கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை நீதிமன்றம். சடங்கு கழியாத பெண் வெளியே போகக்கூடாது. போயே ஆகவேண்டுமென்றால் கையில் வேப்பிலையும் இரும்பும் இருக்க வேண்டும். அம்மா தையல் மிஷினிலிருந்து அடிநூல் வைக்கிற இரும்புக் கூடான ‘பாபின் கேஸை’க் கழற்றி, வேப்பிலைக் கொத்தோடு என் கைக்குள் வைத்து மூடினாள். வாசலில் சோதனை போட்ட பெண் போலீஸ் கையைத் திறக்கச் சொல்லி, பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். வராந்தாவில் ஒரு பக்கம் அம்மாவும் மாமாவும், எதிர்ப்பக்கம் அப்பாவும் அத்தையும். நடுவில் நான் நடந்துபோனேன்.

நீதிபதி ஓர் அம்மையார். மேஜை ஓரத்தில் டிபன் கேரியர் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் கொஞ்சம் தணிந்தது. “கையில என்னம்மா?” என்றார். திறந்து காட்டினேன். எப்போது, எங்கே என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையை முழுவதும் சொன்னேன், ஊறுகாய் உட்பட. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “சரி, நீ யார்கிட்ட இருக்கணும்னு நினைக்கிற?” என்றார்.

“நான் சொல்றதுதான் தீர்ப்பாம்மா?” என்றேன்.

“யார் சொன்னா அப்படி? நீ சொல்றதைக் கேட்டுக்குவேன். உன் வயசு, படிப்பு, ரெண்டு வீட்டு நெலமை எல்லாத்தையும் பாத்து முடிவு பண்ண வேண்டியது நான். உனக்கு எது நல்லதோ அதைத்தான் பாக்கணும். தப்பாப் போனா அது என் தப்பு, உன் தப்பு இல்ல.”

“அப்ப பேர் சொல்ல வேணாமா?”

“சொல்லணும்னு தோணினா சொல்லு.”

“தெரியல” என்றேன். அதைச் சொல்ல அனுமதி உண்டு என்று யாருமே எனக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. அப்புறம்தான் அழுதேன், வேப்பிலை கசங்கும்படி. நான் அழுது முடித்ததும் நீதிபதி, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். “சடங்குக்கு அப்பா வரணும். அத்தையும்” என்றேன்.

உத்தரவு அந்த வாரமே வந்தது. நான் அம்மாவிடம் இருக்கவேண்டும், சனி ஞாயிறு முன்போலவே அப்பாவிடம், சடங்குக்கு அப்பாவும் அவர் அக்காவும் வரலாம், யாரும் தடுக்கக்கூடாது. மாமா கட்டிய பச்சை ஓலைக்கு முன்னால் அத்தை எனக்குத் தண்ணீர் ஊற்றினாள், மஞ்சள் போதாது என்று மாமா பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டே. அப்பா வாசலோரம் நின்றார். அம்மா அவரிடம், “காபி குடிச்சிட்டுப் போங்க” என்றாள். குடித்துவிட்டுப் போனார். அவர்கள் அதற்குப் பிறகு சேரவில்லை.

இன்று எனக்கு முப்பது தாண்டிவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது பிரிகிறபோது, “பிள்ள சொன்னா கோர்ட்டு கேக்குமா?” என்று என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள், நான் ஏதோ அந்தப் பரீட்சையில் தேறினவள் என்பதுபோல. கேட்கும், ஆனால் முடிவைப் பிள்ளையின் தலையில் கட்டாது, நீங்களும் கட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமா ஆட்டோவை விற்றுவிட்டார். அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். தைத்த ரவிக்கையே சொன்ன நிறத்தில் கிடைக்கிற காலத்தில், புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் யார் வரப்போகிறார்கள்?

கடையைக் காலிசெய்த அன்று மிச்சத் துணிகளைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா, யாரும் கேட்காமலே, “அன்னைக்கு நீ உங்கம்மா பேரச் சொன்னது சரிதான் பிள்ள. நான் ஒண்ணும் நினைக்கல” என்றார். தீர்ப்பு அம்மா பக்கம் வந்ததால் அப்படித்தான் நடந்திருக்கும் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா நினைத்திருப்பது நேர்மாறு. சடங்குக்கு அப்பா வரலாம் என்று உத்தரவில் இருந்தபோதே அவள் முடிவுகட்டிவிட்டாள். போன பொங்கலுக்கு என் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே சொன்னாள்: “ஜட்ஜம்மாகிட்ட நீ உங்கப்பா பேரத்தான் சொல்லிகீற, எனுக்குத் தெரியும். பரவால்ல கண்ணு, நான் மனசுல வச்சுக்கல.”

தான்தான் தோற்றதாக நினைத்துக்கொண்டே இரண்டு பேரும் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள், காய்ச்சலுக்குக் கண்விழித்திருக்கிறார்கள், ஒரு நாள்கூட முகத்தில் காட்டியதில்லை. நான் யார் பெயரையும் சொல்லவில்லை என்று இருவரிடமும் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். சொல்லிவிட்டால், இத்தனை வருஷம் அவர்கள் என்னை மன்னித்துக்கொண்டிருந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். அதனால் அப்பாவிடம் “சரிப்பா” என்றேன். அம்மாவிடமும் “சரிம்மா” என்றேன்.